எந்த மல்லிகை? எந்த நேரத்து மல்லிகை?

தேக்காவில் ஒரு பூக்கடை முன் நின்று “மல்லிகை ஒரு முழம் கொடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் உடனே அளந்து கொடுத்துவிட மாட்டார். “மல்லியா, ஜாதிமல்லியா, முல்லையா?” என்று திருப்பிக் கேட்பார். அடுத்து, “இப்பவே வைக்கணுமா, சாயங்காலத்துக்கா?” என்பார். சாயங்காலத்துக்கு என்றால் இன்னும் விரியாத மொட்டுச் சரமாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

அதே நாள் ஆர்ச்சர்ட் சாலைக் கடைத்தொகுதி ஒன்றுக்குப் போய், வாசனைத் திரவியப் பிரிவில் “ஜாஸ்மின் வாசனையில் ஏதாவது காட்டுங்கள்” என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளும் வராது. எட்டுப் பத்துக் காகிதப் பட்டைகளில் தெளித்து வரிசையாக நீட்டுவார்கள். நாலாவதுக்கு மேல் மூக்கு மரத்துப் போய்விடும். கடைசியில் புட்டி எது அழகாக இருக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வருவோம். வீட்டில் அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, “இது நம்ம மல்லி மாதிரியே இல்லையே” என்பார்.

நான் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை வாசனைத் திரவியங்களுக்கு ஒதுக்குவது பல வருடப் பழக்கம். அதனால் தோழிகளும் உறவுக்காரப் பிள்ளைகளும் என்னிடம் அடிக்கடி கேட்பது, “மல்லிகை வாசனையில் எது நல்லது?” என்பதுதான். நேர்காணலுக்குப் போகும் பெண் கேட்கிறாள். நிச்சயதார்த்தத்துக்குத் தயாராகும் பையன் கேட்கிறான். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது அந்தப் பூக்கடைக்காரரின் இரண்டு கேள்விகளையே. எந்த மல்லிகை? எந்த நேரத்து மல்லிகை? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்று பூ, மூன்று வாசனை

மல்லிகைக் குடும்பத்தில் ஏறக்குறைய 200 இனங்கள் உண்டு. நம் தலையில் ஏறுவது முக்கியமாக மூன்று.

முதலாவது குண்டுமல்லி. தாவரவியலில் ‘ஜாஸ்மினம் சம்பக்’. வாசனைத் தொழிலில் சுருக்கமாக ‘சம்பக்’ என்பார்கள். 2013ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இந்த இனம்தான். மலாய்க்காரர்களின் ‘மெலூர்’, இந்தோனீசியர்களின் ‘மெலாத்தி’, பிலிப்பீன்சின் தேசிய மலரான ‘சம்பகீத்தா’ எல்லாம் இதே பூ. சீன உணவகத்தில் நாம் குடிக்கும் மல்லிகைத் தேநீருக்கு வாசம் ஏற்றுவதும் இதுவே. ஆகவே, அலுவலகத்தில் மல்லிகை வாசனையோடு போனால் மற்றவர்களுக்கு அந்நியமாக இருக்குமோ என்று தயங்குபவர்கள் கவனிக்கவும். இந்த வட்டாரத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வாசனை இது. குண்டுமல்லியின் வாசம் கொஞ்சம் பச்சையாக, தேயிலையை நினைவூட்டுவதாக இருக்கும். உள்ளே ஒரு திராட்சை வாடையும் உண்டு. ‘மெத்தில் ஆந்த்ரனிலேட்’ என்ற பொருள்தான் அதற்குக் காரணம். திராட்சைச் சுவை மிட்டாய்க்கு மணம் கொடுப்பதும் அதே பொருள்தான்.

இரண்டாவது ஜாதிமல்லி. தென்மாவட்டக்காரர்களுக்குப் பிச்சி. மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். ‘கிராண்டிஃபுளோரம்’ என்பது இதன் தொழில் பெயர். பிரான்சின் தெற்கே கிராஸ் என்ற ஊரைப் புகழ்பெற வைத்த மல்லிகை இதுதான். 1921ல் எர்னஸ்ட் போ உருவாக்கிய ‘ஷனெல் நம்பர் 5’ல் கிராஸ் மல்லிகைக்கு முக்கிய இடம் உண்டு. ஜாதிமல்லியில் பழுத்த பழமும் தேனும் கலந்த இளஞ்சூடு இருக்கும். குண்டுமல்லியைவிடக் கனமான வாசம்.

மூன்றாவது முல்லை. சிறிய பூ, மெல்லிய மணம். புட்டிகளில் முல்லை பெயர் சொல்லி வருவது அரிது. முல்லைதான் பிடிக்கும் என்பவர்கள், கனமில்லாத குண்டுமல்லி வகைகளைத் தேடிப் பார்க்கலாம்.

புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மேல்நாட்டு நிறுவனங்கள் ‘ஜாஸ்மின் சம்பக்’ என்று குறித்திருந்தால் குண்டுமல்லி. ‘கிராஸ் ஜாஸ்மின்’ என்றால் ஜாதிமல்லி. முஸ்தஃபாவிலோ அராப் ஸ்ட்ரீட்டிலோ அத்தர் வாங்குகிறீர்கள் என்றால், ‘மோகரா’, ‘மோத்தியா’ என்ற வடஇந்தியப் பெயர்களும் ‘ஃபுல்’ என்ற அரபுப் பெயரும் குண்டுமல்லியைக் குறிக்கும். ‘சமேலி’ என்றால் ஜாதிமல்லி.

மல்லி என்று பெயர் இருந்தும் மல்லி இல்லாதவையும் உண்டு. நம் வீவக குடியிருப்புகளில் வேலியாக வளர்த்திருக்கும் கெமுனிங் செடி, மழை பெய்த மறுநாள் மல்லிகையைப் போலவே மணக்கும். ஆனால் அது எலுமிச்சைக் குடும்பம், கறிவேப்பிலைக்குச் சொந்தம். மாடிப்படி ஓரங்களில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் ரங்கூன் மல்லியும் வேறு குடும்பம்தான். 2017ல் ஆல்பெர்ட்டோ மொரில்லாஸ் உருவாக்கிய ‘குச்சி புளூம்’ திரவியத்தில் மல்லிகை மொட்டோடும் சம்பங்கியோடும் இந்த ரங்கூன் மல்லியையும் சேர்த்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கீழ்த்தளத்துச் செடி ஒன்று இத்தாலியப் புட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

பூ எப்படிப் புட்டிக்குள் போகிறது?

ரோஜாவை நீராவியில் வடிக்கலாம். மல்லிகை அந்தச் சூட்டைத் தாங்காது, வாசனை கெட்டுவிடும். அந்தக் காலத்தில் கொழுப்புத் தடவிய கண்ணாடித் தட்டுகளில் பூவைப் பரப்பி வைத்து, கொழுப்பு வாசனையை இழுத்துக்கொள்ளும் வரை காத்திருப்பார்கள். இப்போது ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து எடுக்கிறார்கள். முதலில் கிடைப்பது மெழுகு போன்ற ‘கான்கிரீட்’. அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைப்பது ‘அப்சலூட்’. 1,000 கிலோ ஜாதிமல்லியில் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை கான்கிரீட் தேறும். அதிலும் பாதியளவுதான் அப்சலூட்டாக மிஞ்சும். பூ பறிப்பது முழுக்கக் கைவேலை. உலகின் பெரிய வாசனைத் திரவிய நிறுவனங்களுக்குப் போகும் மல்லிகையில் ஒரு பங்கு தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பறித்தது என்பதைப் புட்டியைப் பிடிக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு தெரிந்தால் விலையும் புரியும். பத்து வெள்ளிப் புட்டியில் இயற்கை மல்லிகை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் செய்த மணப்பொருள்கள்தான் இருக்கும். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. விலை உயர்ந்த புட்டியிலும் இயற்கையும் செயற்கையும் கலந்தே இருக்கும். ‘நூறு விழுக்காடு அசல் மல்லிகை எண்ணெய்’ என்று மலிவு விலையில் யாராவது விற்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொரு பெயரையும் அறிந்துகொள்வது நல்லது. இண்டோல். மல்லிகையில் இயல்பாகவே இருக்கும் பொருள். சிறிதளவில் பூவுக்கு ஆழத்தைத் தரும். அளவு கூடினால் அந்துருண்டை வாடையாகவும் அழுகல் வாடையாகவும் தெரியும். ஒரே மல்லிகைத் திரவியத்தை ஒருவர் “ஆஹா” என்பதும் இன்னொருவர் “தலை வலிக்குது” என்பதும் பெரும்பாலும் இந்த இண்டோல் செய்யும் வேலை. பூ விரிய விரிய, இரவு ஏற ஏற, இந்த வாடை தூக்கலாகத் தெரியும். இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது.

பூவின் நான்கு பொழுதுகள்

காலையில் மொட்டு, மாலையில் விரிந்த பூ, நள்ளிரவில் முழு வேகத்தில் மணக்கும் பூ, மறுநாள் தலையணையில் கிடக்கும் வாடிய சரம். இந்த நான்கும் நமக்குச் சிறு வயது முதல் பழக்கம். புட்டியில் வரும் மல்லிகைகளையும் நான் இந்த நான்கு பொழுதாகத்தான் பிரித்து வைத்திருக்கிறேன். எந்தத் திரவியத்தை முகர்ந்தாலும் ‘இது எத்தனை மணிப் பூ?’ என்று கேட்டுக்கொள்வேன். விடை தெரிந்தால் எந்த மனநிலைக்கு, எந்த இடத்துக்கு என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

மொட்டு. பச்சையும் ஈரமும் கலந்த வாசம், இண்டோல் வாடையே தெரியாது. அலுவலகம், நேர்காணல், ஞாயிறு காலைப் பூங்கா நடை எல்லாவற்றுக்கும் இதுதான். குளிரூட்டிய கூட்ட அறையில் பத்துப் பேர் அடைந்திருக்கும்போது நம் வாசம் நம்மைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குள் நிற்பதுதான் மரியாதை. ‘ஹெடியோன்’ என்ற மணப்பொருள் இந்த வகைகளில் அதிகம் பயன்படும். மல்லிகையின் காற்றோட்டமான பகுதியை மட்டும் தனியே எடுத்தது போல் இருக்கும். 1992ல் ஜான் குளோட் எலெனா புல்காரிக்காக உருவாக்கிய பச்சைத் தேயிலைத் திரவியம் நல்ல எடுத்துக்காட்டு.

ஆண்களுக்கும் இந்த இடத்தில் ஒரு செய்தி. “மல்லிகை பெண்கள் வாசனை ஆச்சே” என்று ஒதுங்க வேண்டாம். 1966ல் எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா கிறிஸ்டியன் டியோருக்காக உருவாக்கிய ‘ஓ சவாஜ்’ ஆண்கள் திரவியங்களில் இன்றும் ஒரு மைல்கல். எலுமிச்சை மணத்துக்கு அடியில் அதைத் தாங்கிப் பிடித்தது இதே ஹெடியோன்தான். உங்கள் அப்பாவோ தாத்தாவோ பூசியிருந்தால், பெயர் தெரியாமலே மல்லிகையின் ஒரு துண்டைப் பூசியிருக்கிறார் என்று பொருள்.

மாலையில் விரிந்த பூ. இனிப்பும் மலர்ச்சியும் கூடிய, எல்லாருக்கும் பிடிக்கும் மல்லிகை. திருமணம், தீபாவளிச் சந்திப்பு, குடும்பத்தோடு இரவு உணவு. 1999ல் கலீஸ் பெக்கர் உருவாக்கிய ‘ஜடோர்’ இந்தப் பொழுதைச் சேர்ந்தது. மல்லிகையோடு பழ மணமும் மற்றப் பூக்களும் கலந்து வரும். ஒன்று மட்டும் கவனியுங்கள். கல்யாணத்தில் தலை நிறைய மல்லிச் சரம் வைத்துக்கொண்டு அதன் மேல் மல்லிகைத் திரவியமும் தெளித்தால் இரண்டும் சண்டை போடும். அசலின் பக்கத்தில் நகல் மங்கிப் போகும். பூ வைக்கும் நாளில் சந்தனமோ ரோஜாவோ மெல்லியதாக மணிக்கட்டில் போதும். பூ வைக்காத நாளில் மல்லிகைத் திரவியம்.

நள்ளிரவுப் பூ. இண்டோல் துணிந்து நிற்கும் மல்லிகை. எல்லாருக்கும் பிடிக்காது, பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. செர்ஜ் லூட்டன்ஸ் 2000ல் வெளியிட்ட ‘ஆ லா நுயி’ என்ற பெயருக்கே ‘இரவுக்கு’ என்றுதான் பொருள். 2005ல் வந்த முக்லரின் ‘ஏலியன்’ குண்டுமல்லியை மர வாசனையோடும் அம்பர் மணத்தோடும் கலந்து பெருக்கிக் காட்டும். ஒரு தெளிப்பே அறையை நிரப்பிவிடும். இவற்றை எம்ஆர்டியில் காலை எட்டரை மணிக் கூட்டத்தில் பூசிக்கொண்டு போவது சக பயணிகளுக்குச் செய்யும் கொடுமை. நம் மனசுக்குத் துணிச்சல் வேண்டிய இரவுகளுக்கு, திறந்தவெளி விருந்துகளுக்கு, தம்பதியர் தனியாக வெளியே போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் சரம். வாடிய பூவில் சந்தனமும் தேங்காய் எண்ணெயும் தலைமுடி வாசமும் கலந்திருக்கும். இதற்கு இணையான திரவியங்களில் மல்லிகைக்கு அடியில் சந்தனமோ வெனிலாவோ அம்பரோ கனமாக இருக்கும். வெளியே போக அல்ல, வீட்டில் இருக்க. டிசம்பர் மழையில், மனசு சோர்ந்த நாளில், படுக்கப் போகும் முன் ஒரு சொட்டு. எனக்கு ஊரில் இருக்கும் பாட்டி வீட்டு ஞாபகம் வரும் நாள்களில் கை தானாக இந்தப் புட்டிக்குத்தான் போகிறது.

கோயில், பள்ளிவாசல், மருத்துவமனை, துக்க வீடு

மனநிலையைவிட இடம் முக்கியமாகிவிடும் நேரங்கள் உண்டு.

பெரும்பாலான தெளிப்புத் திரவியங்களில் ஆல்கஹால்தான் அடிப்படை. கோயிலுக்குப் போகும்போது சிலர் அதைத் தவிர்க்க விரும்புவார்கள். முஸ்லிம் குடும்பங்களில் பலர் தொழுகைக்கு ஆல்கஹால் இல்லாத அத்தரையே பூசுவார்கள். சுல்தான் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் அத்தர் கடைகள் இருக்கின்றன. சிறிய அளவில் வாங்கலாம். பாரம்பரிய முறையில், வடஇந்தியாவின் கன்னோஜ் நகரில், பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் எடுப்பார்கள். இப்போது சந்தன எண்ணெயின் விலை காரணமாக வேறு அடிப்படை எண்ணெய்களும் கலக்கப்படுகின்றன. அதனால் கடைக்காரரிடம் அடிப்படை என்ன என்று கேட்டு வாங்குங்கள். அத்தர் தெறிக்காது, பரவாது. பூசியவரின் அருகில் வருபவருக்கு மட்டும் தெரியும். கூட்டமான இடத்துக்கு இது ஏற்றது.

மருத்துவமனைக்கு நோயாளி பார்க்கப் போகும்போது எந்த வாசனையும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் மசக்கையில் இருக்கும் பெண்களுக்கும் மருந்துகளால் குமட்டல் உள்ளவர்களுக்கும் நல்ல வாசமே தொல்லையாகிவிடும். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போதும் அப்படியே. பச்சைக் குழந்தைக்கு அம்மாவின் வாசம்தான் தெரிய வேண்டும்.

துக்க வீட்டில் மல்லிகைக்கு வேறு முகம். இறந்தவருக்குப் போடும் மாலையிலும் அதே மல்லிதான். நெருங்கியவரை இழந்த சிலருக்கு அதன் பிறகு பல மாதங்கள் அந்த வாசனையே தாங்காது. அப்படிப்பட்டவரைப் பார்க்கப் போகும் நாளில் மல்லிகையை வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது. வாசனை ஞாபகத்தைக் கிளறிவிடும்.

பெரியம்மாவின் மணிக்கட்டு

என் பெரியம்மா ஜோகூர் பாருவில் இருக்கிறார். பெரியப்பா இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. பெரியப்பா இருந்தவரை பெரியம்மா பூ இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. அதன்பின் யாரும் வைக்காதே என்று அவரிடம் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அவராகவே விட்டுவிட்டார். கல்யாண வீடுகளில் பூத்தட்டு சுற்றி வரும்போது அவரைத் தாண்டிப் போய்விடும். அவர் முகத்தை அப்போது பார்க்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

போன வருடம் அவர் வீட்டுக்குப் போனபோது மூன்று சிறு புட்டிகளை எடுத்துப் போனேன்.

“பெரியம்மா, கையைக் கொஞ்சம் நீட்டுங்க.”

“எதுக்குடி?”

“சும்மா மோந்து பாருங்க. எனக்கு ஒரு அபிப்பிராயம் வேணும்.”

முகர்ந்தார். கையை உடனே மடியில் வைத்துக்கொண்டார். “மல்லி. எனக்கெதுக்குடி இதெல்லாம்?”

“உங்களுக்குன்னு யார் சொன்னா? எது நல்லாருக்குன்னு சொல்லுங்க, போதும்.”

தேநீர் போட எழுந்து போனார். அடுப்பங்கரையில் நின்று, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார். திரும்பி வந்ததும் வியாபாரி போலப் பேசினார். “இது ரொம்ப விரிஞ்ச பூ. கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு. இந்த ரெண்டாவது பரவாயில்ல. ஆனா எனக்கு எப்பவும் மொட்டு வாசனைதான் புடிக்கும். உங்க பெரியப்பாவுக்கு அது தெரியும். மொட்டாப் பாத்துத்தான் வாங்கிட்டு வருவாரு.”

மூன்றாவது புட்டி மொட்டுதான். ஒரு சிறிய மோகரா அத்தர். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பூசிக்கொள்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை போனபோது புட்டி சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, பாதி காலியாகியிருந்தது.

கணவர் போனபின் பெண் பூ வைக்கக் கூடாது என்ற வழக்கம் தவறு என்பதுதான் என் எண்ணம். இன்று பல வீடுகளில் மகள்களும் மருமகள்களும் அதை மெல்ல உடைத்து வருகிறார்கள். நல்லது. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, “வைங்க பெரியம்மா” என்று வற்புறுத்துவது அவருக்குச் சுமையாகிவிடலாம். பூ எல்லார் கண்ணுக்கும் தெரியும். அத்தர் அவருக்கு மட்டும் தெரியும். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயம் இல்லாமல், தனக்குப் பிடித்ததைத் தானே தொட்டுக்கொள்ள முடிகிறது. உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம். பிறந்தநாளுக்குப் புடவைக்குப் பதிலாக ஒரு சிறு புட்டி வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பொழுது மல்லிகை பிடிக்கும் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன், பூசும் முன்

ஒரு நாளில் மூன்றுக்கு மேல் முகர வேண்டாம். முதலில் காகிதத்தில், பிடித்தால் மட்டும் தோலில். இடது மணிக்கட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று. மூக்கு மரத்தால் உங்கள் சட்டைக் கையையே ஒரு தடவை முகருங்கள், தெளிந்துவிடும்.

தெளித்தவுடன் விலை கேட்காதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் மணப்பது மேல்வாசனை. மல்லிகை நடுவில்தான் வரும். வெளியே போய் வெயிலில் ஒரு சுற்று நடந்து, அரைமணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். குளிரூட்டிய கடையில் அடக்கமாக இருந்த வாசம், நம் ஊர்ச் சூட்டிலும் புழுக்கத்திலும் இரண்டு மடங்காக எழும். வெளியே வந்தபின் பிடித்தால்தான் உண்மையாகவே பிடித்திருக்கிறது.

புட்டியில் உள்ள செறிவைப் பாருங்கள். ‘ஓ டி டாய்லெட்’ என்றால் மணப்பொருள் சுமார் 5 முதல் 15 விழுக்காடு. ‘ஓ டி பர்ஃபம்’ என்றால் சுமார் 15 முதல் 20. பகல் வேலைக்கு முதலாவது போதும். இரண்டாவது வகையில் இரண்டு தெளிப்பு போதும். ஆறு தெளிப்பு யாருக்கும் வேண்டாம்.

மணிக்கட்டில் பூசியபின் இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தேவையில்லை. அப்படியே காய விடுங்கள். தோல் வறண்டிருந்தால் வாசனை சீக்கிரம் போய்விடும். வாசமில்லாத ஈரப்பசைக் களிம்பு கொஞ்சம் தடவிவிட்டுப் பூசினால் நிற்கும்.

பட்டுப் புடவை மீது நேராகத் தெளிக்காதீர்கள். கறை விழுந்தால் போகாது. அத்தர் எண்ணெய் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். முதலில் வாசனை, அது காய்ந்தபின் புடவை, கடைசியில் நகை. முத்து நகை இருந்தால் இந்த வரிசை மிக முக்கியம், திரவியம் பட்டால் முத்தின் பளபளப்பு மங்கும்.

எளிதில் தடித்துப்போகும் தோல் உள்ளவர்கள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் காத்திருங்கள். இயற்கை மல்லிகை என்பதாலேயே ஒவ்வாமை வராது என்று நினைக்க வேண்டாம்.

புட்டியைக் குளியலறையிலோ காரிலோ வைக்காதீர்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் வாசனையைக் கெடுக்கும். அலமாரிக்குள், அட்டைப் பெட்டியோடு வைப்பதே நல்லது. பெரிய புட்டி லாபம் என்று தோன்றும், ஆனால் தினமும் ஒன்றையே பூசாதவர்களுக்கு இரண்டு மூன்று சிறிய புட்டிகள்தான் ஏற்றவை. ஊருக்குப் போகும்போது கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியை விமானத்தில் அனுமதிக்க மாட்டார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘எனக்கு எந்தப் பொழுது?’ என்று இன்னும் தெரியவில்லை என்றால் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை காலை அரை முழம் மொட்டு மல்லி வாங்கி வந்து, ஒரு கிண்ணத்தில் போட்டு மேசையில் வையுங்கள். மதியம் ஒரு முறை, விளக்கு வைத்தபின் ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை முகர்ந்து பாருங்கள். வீட்டில் உள்ளவர்களையும் முகரச் சொல்லுங்கள். ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். உங்களுக்கு எந்த நேரத்தில் ‘இதுதான்’ என்று தோன்றியதோ, அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் கடைக்குப் போங்கள்.